வாரிசுச் சான்றுக்குப் போன இ-சேவைக் கடை: வேலை சுத்தம், மச்சான்தான் இடிக்கிறார்

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், ஒரு அரசு அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற கடை. பெயர் வேண்டாம். அப்பா தவறிய பிறகு வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போயிருந்தேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அம்மாவின் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி இருப்பதை டைப் அடிக்கிற பெண் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டார், இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வந்திருக்கும்.

சிக்கல் கல்லாவில்தான். பில் 60 ரூபாய்க்கு. அப்புறம் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, ஒரு 2,500 போட்டீங்கன்னா பைல் சீக்கிரம் நகரும், உள்ள பார்க்கிறது நம்ம மச்சான்தான்" என்றார். அதற்கு நீட்டிய க்யூஆர் அட்டையில் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். வேண்டாம் என்று 60 மட்டும் கட்டினேன். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்தோடு சான்று வந்துவிட்டது, என்ன, கொஞ்சம் இழுத்தார்கள்.

1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தப்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு, கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் சொன்னால்தான் தப்பலாம். செல்வாக்கைக் காட்டிக் காசு வாங்கும் இடைத்தரகருக்கும் 3 முதல் 7 ஆண்டு. சரி, யாருமே காசு கொடுக்கவில்லை, ஆனால் கடைக்கார மச்சானிடமிருந்து போகிற பைலுக்கு உள்ளே இருக்கிற அதிகாரி மச்சானே குறிப்பு எழுதுகிறார் என்றால்? லஞ்சச் சட்டம் அதைத் தொடாது. உதாரணத்துக்கு, மத்திய அரசு ஊழியர்களின் 1964 நடத்தை விதிகள், குடும்பத்தார் தொழில் செய்தால் அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன, ஆனால் அதில் குடும்பம் என்பது மனைவி அல்லது கணவர், அப்புறம் அந்த ஊழியரையே முழுக்க நம்பியிருக்கும் பிள்ளைகள், உறவினர். சொந்தமாகக் கடை போட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மச்சான் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்! மாற்ற வேண்டியது இதைத்தான். மச்சான், மாமனார், சகலை எல்லோரையும் பட்டியலில் சேர்க்கணும், அவர்கள் கைபட்ட பைல் தானாக வேறு அதிகாரிக்குப் போகணும், மறைத்தால் வேலைக்கே வேட்டு என்று சட்டத்திலேயே எழுதணும். வெறும் நடத்தை விதி என்றால் ஒரு மெமோவோடு முடித்துவிடுவார்கள்.

டைப்பிங்குக்கு நாலு ஸ்டார், கல்லாவுக்குப் பூஜ்யம். ஜெராக்ஸ் மட்டும் என்றால் தாராளமாகப் போங்கள், பக்கம் 2 ரூபாய்தான்.