முதல் ஐந்துக்குள் தற்காப்பு வீரர்: எட்ஜ் ரஷரா, கார்னர்பேக்கா?

2022 ஏப்ரல் கடைசியில் என் முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன. எட்ஜ் ரஷர் எய்டன் ஹட்சின்சன், கார்னர்பேக் அஹ்மத் ‘சாஸ்’ கார்ட்னர். நாங்கள் 12 நண்பர்கள், ஆளுக்கொரு அணி என்று பிரித்துக்கொண்டு, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் தற்காப்பு வீரர்களை மட்டும் வைத்துப் பல வருடங்களாக ஓர் ஆட்டம் ஆடிவருகிறோம். நிஜத்தில் அந்த வீரர் என்ன வாங்குகிறாரோ அதுதான் எங்கள் கணக்கிலும் சம்பளம். மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வருடம் புதுமுகங்களைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு இரண்டாவது வாய்ப்பு. முதல் வாய்ப்பு கிடைத்தவர் ட்ரேவான் வாக்கரை எடுத்துவிட்டார். ஒரு வாரம் யோசித்து நான் ஹட்சின்சனை எடுத்தேன். இன்று கேட்டாலும் அவரைத்தான் எடுப்பேன். ஆனால் அன்று நான் சொன்ன காரணம் வேறு, இன்று சொல்லும் காரணம் வேறு.

டிராஃப்ட் என்பது என்எஃப்எல் அணிகள் புதுமுகங்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வு; ஐபிஎல் போல ஏலம் அல்ல. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. பணம் கொடுத்து முந்த முடியாது. அந்த ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த டிராஃப்டில் முதல் ஐந்து இடங்களிலும் தற்காப்பு வீரர்களே போனார்கள். 1991-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. வாக்கர், ஹட்சின்சன், டெரெக் ஸ்டிங்லி, கார்ட்னர், கேவான் திபடோ. மூன்று பேர் எட்ஜ் ரஷர்கள், இரண்டு பேர் கார்னர்பேக்குகள். இந்த ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வருடம் கிடைக்காது.

இருவர் வேலையும் இதுதான். எட்ஜ் ரஷர் வரிசையின் ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்தை எறியும் எதிரணி குவார்ட்டர்பேக்கை, அவர் எறிவதற்குள் சாய்க்கப் பார்ப்பார். சாய்த்துவிட்டால் அது சாக். கார்னர்பேக், அந்தப் பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடுவார். அதுவும் பின்னோக்கி, அடுத்து அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாமலே. உடல்திறனை மட்டும் பார்த்தால் கார்னர்பேக் வேலைதான் கடினம் என்று எனக்குப் படுகிறது.

அன்று நான் நண்பர்களிடம் சொன்ன காரணம், கார்னர்பேக்கை எதிரணி ஒதுக்கிவிடலாம் என்பது. அவர் பக்கம் எறியாமல் மறுபக்கம் எறிந்தால் முடிந்தது. 2023-ல் கார்ட்னர் ஒரு பந்தைக்கூட இடைமறித்துப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார். அந்தக் காரணம் பாதிதான் சரி. களத்தின் ஒரு பக்கத்தையே அடைத்துவைப்பது சாதாரண வேலை இல்லை. எட்ஜ் ரஷரையும் இரண்டு பேரை வைத்து மறிக்கலாம், பந்தைச் சட்டென்று எறிந்து அவரை வீணாக்கலாம். ஆகவே அந்த வாதத்தை இப்போது நான் எடுப்பதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது சம்பளக் கணக்கு. 2011-க்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் தேர்வான இடத்தைப் பொறுத்தே நிர்ணயமாகிறது; அவர் என்ன நிலையில் ஆடுபவர் என்பது கணக்கில் இல்லை. ஹட்சின்சனுக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 3.57 கோடி டாலர். நான்காவதாகப் போன கார்ட்னருக்குச் சுமார் 3.35 கோடி. கிட்டத்தட்ட ஒரே விலை. ஆனால் அதே தரமுள்ள அனுபவ வீரரை வெளியில் வாங்கப் போனால் விலை ஒன்றாக இருப்பதில்லை. நான் தேர்வு செய்த அந்த மாதத்திலேயே எட்ஜ் ரஷர்களில் உச்சத்தில் இருந்த டி.ஜே. வாட்டுக்கு வருடம் 2.8 கோடி டாலர். கார்னர்பேக் டென்சல் வார்ட் புதிதாகக் கையெழுத்திட்டது வருடம் 2 கோடிக்குச் சற்று மேல்.

2025-ல் அந்த இடைவெளி இன்னும் அகன்றது. கார்ட்னர் ஜூலையில் நான்கு வருடத்துக்கு 12.04 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார், அதாவது வருடம் 3 கோடி. ஹட்சின்சன் அக்டோபரில் நான்கு வருடத்துக்கு 18 கோடி, வருடம் 4.5 கோடி. இப்போது கழித்துப் பாருங்கள். புதுமுக ஒப்பந்தத்தில் ஹட்சின்சனுக்கு வருடம் சராசரியாக 90 லட்சம் டாலர். சந்தை விலையில் இருந்து அதைக் கழித்தால் மிச்சம் 3.6 கோடி. கார்ட்னருக்கு அதே கணக்கில் மிச்சம் சுமார் 2.2 கோடி. முதல் ஐந்து இடங்களுக்குள் கிடைக்கும் ஒரு வாய்ப்பு உண்மையில் நமக்குத் தருவது இந்த மிச்சத்தைத்தான். ஆள் திறமையானவரா என்பதோடு, அந்தத் திறமையை வெளியில் வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு மிச்சங்களுக்கும் உள்ள வித்தியாசம் வருடம் சுமார் 1.4 கோடி டாலர். அதை வைத்து என்ன வாங்கலாம்? இங்கேதான் கார்னர்பேக் டி.ஜே. ரீட் வருகிறார். 2018 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் போனவர். 2022-ல் கார்ட்னரை எடுத்த அதே ஜெட்ஸ் அணி அவரைப் பொதுச் சந்தையில் மூன்று வருடத்துக்கு 3.3 கோடிக்கு எடுத்தது. கார்ட்னர் ஒரு பக்கம் என்றால் ரீட் மறுபக்கம். எதிரணி கார்ட்னரை விட்டு ரீட் பக்கம் எறிந்து பார்த்தது. அங்கேயும் பெரிதாகத் தேறவில்லை. 2025 மார்ச்சில் அந்த ஒப்பந்தம் முடிந்ததும் அவரை வாங்கியது யார் தெரியுமா? ஹட்சின்சன் ஆடும் டெட்ராய்ட் லயன்ஸ். மூன்று வருடத்துக்கு 4.8 கோடி, வருடம் 1.6 கோடி. டிராஃப்டில் எட்ஜ் ரஷர், கடையில் கார்னர்பேக். தலைகீழாகச் செய்து பாருங்கள், நடக்காது. உச்சத்தில் இருக்கும் எட்ஜ் ரஷரை எந்த அணியும் சும்மா வெளியே விடுவதில்லை. 2018-ல் கலீல் மேக்கை வாங்க பேர்ஸ் அணி டிராஃப்டில் தனக்கிருந்த இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தது. 2025-ல் மைக்கா பார்சன்ஸுக்காக பேக்கர்ஸ் அணி இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளோடு கென்னி கிளார்க் என்ற வீரரையும் கொடுத்தது. அதற்கு மேல் பார்சன்ஸுக்கு வருடம் 4.7 கோடி சம்பளம்.

நல்ல கார்னர்பேக்குகள் கடைசிச் சுற்றுகளிலும் கிடைக்கிறார்கள். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸைப் பாருங்கள். எந்தச் சுற்றிலும் தேர்வாகாத சார்வேரியஸ் வார்டையும் நான்காம் சுற்றில் எடுத்த லஜேரியஸ் ஸ்னீடையும் வளர்த்துக் கோப்பைகள் வென்றது. விலை ஏறியதும் முன்னவரைப் போகவிட்டது, பின்னவரை விற்றது. எட்ஜ் ரஷர் மேக்ஸ் கிராஸ்பியும் நான்காம் சுற்றில் போனவர்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் உண்டு, ஆனால் நம்பிக் காத்திருக்கும் அளவுக்கு இல்லை என்பது என் எண்ணம்.

எனக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மறுவிற்பனையில் கார்னர்பேக் தோற்கவில்லை. 2025 நவம்பரில் ஜெட்ஸ் கார்ட்னரை கோல்ட்ஸ் அணிக்குக் கொடுத்தபோது இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளும் ஏ.டி. மிட்செல் என்ற ரிசீவரும் கிடைத்தார்கள். பார்சன்ஸுக்குக் கிடைத்ததற்கு அது அதிகம் குறைவில்லை. அப்புறம் காயம். 2024 அக்டோபரில் டல்லஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஹட்சின்சனின் கால் எலும்பு முறிந்தது. ஐந்தே ஆட்டத்தில் 7.5 சாக் எடுத்திருந்தார். அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு என் அணி அந்த வருடம் எழவே இல்லை.

இன்னொன்று, இந்தக் கணக்கு ஆள் சரியாக இருந்தால்தான் செல்லும். 2020-ல் இரண்டாவதாகப் போன எட்ஜ் ரஷர் சேஸ் யங் முதல் வருடம் அசத்தினார், மறுவருடம் முழங்கால் போயிற்று, 2023-ல் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்காகக் கைமாறினார். அதே வருடம் அடுத்துப் போன கார்னர்பேக் ஜெஃப் ஒகூடாவின் கதை இன்னும் வருத்தம். அவரை எடுத்த லயன்ஸுக்கு மூன்று வருடம் கழித்துக் கிடைத்தது ஐந்தாம் சுற்று வாய்ப்பு. 2022-லேயே நான்காம் இடத்தில் ஜெட்ஸ் முன்னால் இருந்தது கார்ட்னரும் திபடோவும். கார்ட்னரை எடுத்தது சரி. அவர் அந்த வருடத்தின் சிறந்த தற்காப்புப் புதுமுகம்; திபடோ முதல் வருடத்தில் எடுத்தது நான்கு சாக். தரத்தில் ஒரு படி இறங்கித்தான் எட்ஜ் ரஷர் கிடைப்பார் என்றால் நானும் கார்னர்பேக் பக்கம் போய்விடுவேன்.

நடுவில் நின்று ஆடும் டிஃபென்சிவ் டாக்கிளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை. 2019-ல் மூன்றாவதாகப் போன குவின்னன் வில்லியம்ஸைப் பார்த்தால் ஆசை வருகிறது. ஆனால் ஆரன் டொனால்ட் கிடைத்தது 13-ஆவது இடத்தில், கிறிஸ் ஜோன்ஸ் கிடைத்தது இரண்டாம் சுற்றில். அவ்வளவு முன்னால் அந்த நிலைக்கு நான் ஒருமுறைகூட வாய்ப்பைச் செலவழித்ததில்லை. பழக்கம் இல்லாத இடத்தில் அடித்துப் பேச விரும்பவில்லை.

இப்போது ஹட்சின்சனின் மலிவுக் காலம் முடிகிறது. வருடம் 4.5 கோடியை என் வரம்புக்குள் சுமப்பதா, விற்பதா என்று இந்தக் கோடைக்குள் முடிவெடுத்தாக வேண்டும். விற்றால் கையில் வரும் வாய்ப்பில் முதலில் தேடப்போவது இன்னொரு எட்ஜ் ரஷரைத்தான்.