பார்சிலோனாவில் கௌடி: முதல் டிக்கெட் எதற்கு?

கட்டடக் கலைஞர் கௌடியின் கட்டடங்களைப் பார்ப்பதற்காகவே பார்சிலோனா போனேன். நான்கு இடங்களுக்கும் டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்த்தாகிவிட்டது. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் காசா பட்லோ என்ற வீட்டுக்குப் போங்கள்.

வெளியே முகமூடி போன்ற பால்கனிகள், எலும்பு போன்ற தூண்கள், எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு உள்ளே இருக்கிற நடுமுற்றம்தான் பிடித்தது. சுவர் டைல்ஸ் உச்சியில் அடர் நீலம், இறங்க இறங்க வெளுத்துக்கொண்டே வந்து அடியில் கிட்டத்தட்ட வெள்ளை. சன்னல்களோ மேலே சிறியவை, கீழே பெரியவை. மேல்மாடிக்கு வெயில் தானாகவே கிடைத்துவிடும், கீழ்வீட்டுக்குக் கிடைக்காது, அதைச் சரிக்கட்டத்தான் இவ்வளவும். சன்னலுக்கு அடியில் மரச் சட்டங்களை நகர்த்தித் திறக்கிற மாதிரி சின்னச் சின்ன இடைவெளிகள், கண்ணாடியைத் திறக்காமலே காற்று வரும். 1906-ல் முடிந்த வேலை இது!

சக்ராதா ஃபமீலியா தேவாலயத்துக்கு மாலை நேரத்தில் முன்பதிவு செய்யுங்கள். மேற்குக் கண்ணாடிகள் சிவப்பும் ஆரஞ்சும், வெயில் சாயும்போது தூண்களெல்லாம் தணல் மாதிரி ஆகிவிடுகின்றன. காலையில் போனால் கிழக்கே நீலமும் பச்சையும், அதுவும் அழகுதான். 1883-ல் பொறுப்பேற்ற கௌடி 1926-ல் டிராம் மோதி இறக்கும்வரை இந்தக் கோயிலை விடவில்லை, அங்கேயே அடக்கமும் செய்திருக்கிறார்கள்.

குவெல் பூங்காவில் கூட்டம் முழுக்க அந்த டைல்ஸ் பல்லியிடம்தான். சரி, ஒரு படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். 86 தூண்கள் தாங்கும் மைதானம் அது, அங்கே பெய்யும் மழைநீர் மண்ணில் வடிகட்டித் தூண்களுக்குள் இறங்கி அடியிலுள்ள தொட்டிக்குப் போகிறது. அதை யாரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை, வருத்தமாக இருந்தது.

காசா மிலா என்ற அடுக்குமாடி வீட்டில் மொட்டைமாடிப் புகைபோக்கிகள் பிரபலம். நீங்கள் அதற்கு முன்னால் பரண் தளத்தில் நில்லுங்கள். செங்கல் வளைவுகளுக்கு நடுவே சங்கிலிகள் தொங்கும் மாதிரி வடிவம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். தொங்கும் சங்கிலி தானாக எடுக்கிற வளைவைத் தலைகீழாக்கினால் சுமையை நேராகக் கீழே இறக்கும் வளைவு கிடைத்துவிடும், கௌடி கணக்குப் போட்டது இப்படித்தான். அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. குனிந்து பார்த்தேன், சங்கிலிக் கொத்து அப்படியே கோபுரமாக நிமிர்ந்து நின்றது.