மேனுவல் எக்ஸ்போஷர் பழக: பழைய பிலிம் கேமராவா, செகண்ட்ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆரா, மிர்ரர்லெஸ்ஸா?

மேனுவல் மோடில், அதாவது எவ்வளவு வெளிச்சம் பதியணும் (எக்ஸ்போஷர்) என்பதை நாமே வைத்து, படம் எடுக்கப் பழகணும், என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பிலிமில் தொடங்கினால்தான் கை பழகும் என்பது மூத்தவர்கள் கட்சி. இனி எல்லாமே மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாமல் சின்னத் திரையில் காட்சியைக் காட்டும் டிஜிட்டல் கேமரா), பழசில் காசைப் போடாதே என்பது கடைக்காரர்கள் கட்சி. மூன்றாவது கட்சிக்கு ஆள் குறைவு. மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடுகிற டி.எஸ்.எல்.ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமராவை) வாங்கிப் பழகுகிற கட்சி அது. என்னிடம் வீட்டு வழியில் வந்த பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா இருக்கிறது. பழகுவதற்கென்றே காசு கொடுத்து வாங்கியது செகண்ட்ஹேண்ட் நிக்கான் டி7000. என் ஓட்டு டி.எஸ்.எல்.ஆருக்குத்தான்.

அடிப்படைக் கணக்கு மூன்றிலும் ஒன்றே. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்/2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/125 விநாடியிலிருந்து 1/250-க்கு மாற்றினாலும் பாதி. வெளிச்சத்துக்கான உணர்திறனைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ.வை 200-இலிருந்து 400-க்கு ஏற்றினால் படத்தின் பிரகாசம் இரட்டிப்பு. இந்த ஒவ்வொரு படிக்கும் ஸ்டாப் என்று பெயர். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஐ.எஸ்.ஓ. 200 என்றால் ஷட்டர் 1/200 வைத்தால் போதும் என்கிற பழைய 'சன்னி 16' கணக்கையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். மொபைலில் 'ப்ரோ' மோடு இருக்கிறதே என்பவர்களுக்கு: பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது, மூன்றில் ஒன்று கையில் இல்லை. அதை விட்டுவிடலாம்.

கஷ்டம் தொடங்குவது வெளிச்சத்தை அளந்து சொல்லும் மீட்டரில். கேமராவின் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு எதுவும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவரை நிறுத்தி, மீட்டர் 'சரி' என்று காட்டும் பூஜ்ஜியத்தில் வைத்து எடுத்தால் வேட்டி அழுக்குச் சாம்பலாக வரும். கோயில் மண்டபத்துக் கருங்கல் தூணை அதே மாதிரி எடுத்தால் கல் வெளுத்துப்போகும். வெள்ளைக்கு மீட்டர் சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். கறுப்புக்குக் குறைக்க வேண்டும். மீட்டரை எங்கே நம்பலாம், எங்கே மீறலாம் என்ற இந்தத் தீர்மானம்தான் மேனுவலில் முக்கால்வாசி. அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நாம் தப்பாக வைத்தால் அது தப்பு என்று எந்தக் கேமரா மறைக்காமல் காட்டுகிறது?

இந்த இடத்தில்தான் பிலிம் கட்சி சறுக்குகிறது. கே1000 அருமையான பொருள், அதில் சந்தேகமே இல்லை. 1976-இல் வந்து 1997 வரை விற்றது. ஷட்டர் ஒரு விநாடியிலிருந்து 1/1000 வரை, எல்லாம் இயந்திரம். பேட்டரி மீட்டருக்கு மட்டும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் ஒரு முள். அதை நடுவில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆட்டோ என்று ஒன்று கிடையாது, ஏமாற்றவே முடியாது என்று தோன்றும்.

ஆனால் அதில் நீங்கள் போடப்போவது கலர் நெகட்டிவ், சாதாரண கலர் பிலிம். இரண்டு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விழுந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். அப்புறம் ரோல் லேபுக்குப் போகிறது. அங்கே ஸ்கேனரோ, அதை ஓட்டுபவரோ ஒவ்வொரு ஃப்ரேமையும் பார்த்து, இருண்டதை ஏற்றி, வெளுத்ததை இறக்கித்தான் கொடுப்பார்கள். அதுதான் அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது. அந்த வேட்டிக்காரர் படத்தை நீங்கள் முள்ளை நடுவில் வைத்தே எடுத்திருந்தாலும் லேபிலிருந்து வேட்டி பளிச்சென்று வந்து நிற்கும். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவரே விடையையும் மாற்றி எழுதி நூற்றுக்கு நூறு போட்டுக் கொடுத்த மாதிரிதான். ரொம்பவும் குறைவாக வெளிச்சம் விழுந்த ஃப்ரேம்கள் மட்டும் நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாய்ச் சேறு பூசினது போல வந்து காட்டிக்கொடுக்கும். அதுவும் சில நாள் கழித்து. அதற்குள் என்ன அப்பர்ச்சர், என்ன ஷட்டர் என்பது மறந்திருக்கும். நோட்டில் குறித்துவைக்கலாம் என்பார்கள். தெருவில் ஆட்டோவுக்கு ஒதுங்கிக்கொண்டே படம் எடுக்கிறவர் எங்கே குறிப்பார்?

தப்பை மறைக்காத பிலிம் உண்டு, ஸ்லைடு பிலிம். அரை ஸ்டாப் பிசகினாலும் முகத்தில் அடித்தாற்போல் தெரியும். அதன் விலையையும், அதைக் கழுவித் தரும் இடத்தைத் தேடும் பாட்டையும் பார்த்தால் பழகுகிறவருக்குச் சொல்ல மனம் வரவில்லை. சாதாரண கலர் ரோலே கழுவி ஸ்கேன் செய்து கைக்கு வரும்போது ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. 36 படம்.

டி.எஸ்.எல்.ஆரில் அதே வேட்டிக்காரரை மீட்டர் பூஜ்ஜியத்தில் ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று எடுங்கள். முதல் படத்தில் வேட்டி சாம்பல். இரண்டாவதில் வெள்ளை, மடிப்பு மடிப்பாய்த் தெரியும். மூன்றாவதில் வெயில் பட்ட பக்கம் மடிப்பே இல்லாமல் திட்டாக வெளுத்திருக்கும். ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவைத்தால் அந்த இடம் விட்டு விட்டு மினுக்கும். எண்கள் படத்தோடேயே இருக்கும், இரவு வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் நகர்வதற்குள் பாடம் முடிந்தது, செலவு ஏதுமில்லை. எஃப்/2.8-இல் 1/1000, எஃப்/16-இல் 1/30, இரண்டும் ஒரே எக்ஸ்போஷர்தான். ஆனால் முதலாவதில் பின்னணி கரைந்து, ஓடுகிற பையன் உறைந்து நிற்பான். இரண்டாவதில் பின்னணி கூர்மையாகி, பையன் இழுபடுவான். இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட அடுத்தடுத்து எடுத்துப் பார்ப்பது எளிது.

டிஜிட்டலிலும் மறைக்கிற சங்கதிகள் உண்டு, அவற்றை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். முக்கியமாக ஆட்டோ ஐ.எஸ்.ஓ. அது ஓடிக்கொண்டிருந்தால் மேனுவலில் அப்பர்ச்சரை எவ்வளவு திருகினாலும் கேமரா பின்னாலிருந்து ஐ.எஸ்.ஓ.வை மாற்றி ஈடுகட்டிவிடும், ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புவீர்கள். நிக்கானில் நிழலையும் வெளுப்பையும் தானே சரிக்கட்டும் ஆக்டிவ் டி-லைட்டிங்கும் அப்படித்தான். பழகும் காலத்தில், பிறகு நிறையத் திருத்த இடம் தரும் ரா ஃபைலும் வேண்டாம் என்பேன். பிறகு கணினியில் பிரகாசத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்துவிட்டால் லேப் கதைதான் திரும்ப வரும். ஜே.பி.இ.ஜி. போதும்.

டி.எஸ்.எல்.ஆரில் எது வாங்குவது என்றால், இரண்டு டயல் உள்ளதாகப் பாருங்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளிலும் கேனன் 1500டி-யிலும் டயல் ஒன்றுதான். அப்பர்ச்சரை மாற்ற ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். பழகுகிறவருக்கு அந்தச் சின்ன எரிச்சலே போதும், திரும்ப ஆட்டோவுக்குப் போய்விடுவார். 2010-இல் வந்த டி7000-இல் ஷட்டருக்கென்று பின்பக்கம் ஒன்று, அப்பர்ச்சருக்கென்று முன்பக்கம் ஒன்று என இரண்டு டயல். பாடியிலேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸ் போட்டாலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். ஷட்டருக்கு நிக்கான் சொன்ன கணக்கு 1,50,000 கிளிக்; வாங்கும்போது எத்தனை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள்.

மிர்ரர்லெஸ் பற்றி நான் பேசுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். நண்பருடையதைச் சில நாள் வாங்கிப் பார்த்ததுதான் அனுபவம். டயலைத் திருகத் திருக வியூஃபைண்டருக்குள்ளேயே படம் இருண்டும் வெளுத்தும் தெரிகிறது, வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் கூடவே ஓடுகிறது. வேலைக்கு இதைவிட வசதி இல்லை. பழகுவதற்கு? கண்ணுக்குச் சரியாகும் வரை திருகிவிட்டு அழுத்திவிடுகிறோம். எந்த எண்ணில் நின்றோம் என்று பார்ப்பதில்லை. முதலில் இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து, எடுத்து, பார்த்து, திருத்துகிற பழக்கம் அதில் எனக்கு வரவில்லை. இந்த முன்னோட்டத்தை அணைக்கவும் பல கேமராக்களில் வழி உண்டு, அணைத்தால் டி.எஸ்.எல்.ஆர். மாதிரிதான். ஒழுங்காக உட்கார்ந்து பழகுகிறவருக்கு நான் சொல்லும் குறை தெரியாமலும் போகலாம்.

மறுவிற்பனையில் மிர்ரர்லெஸ்தான் மேல். டி.எஸ்.எல்.ஆர். விலை இறங்கிக்கொண்டேதான் போகும், ஆனால் ஏற்கெனவே தரையில் கிடப்பதை வாங்குகிறோம், இனி எவ்வளவு விழும்? ஒன்று மட்டும்: அந்த டி லென்ஸை நிக்கானின் அடாப்டர் மாட்டி அவர்களுடைய மிர்ரர்லெஸ்ஸான இசட் கேமராவுக்குக் கொண்டுபோனால் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது. கேனனின் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களான இ.எஃப். லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அடாப்டரில் நன்றாகவே ஓடும். பின்னாளில் மாறும் எண்ணம் இருந்தால் கேனன் பக்கம் போவது புத்திசாலித்தனம்.

பராமரிப்பில் சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மூன்றுக்கும் பொது எதிரி பூஞ்சை. லென்ஸை வாங்கும் முன் டார்ச் அடித்து உள்ளே நூல் நூலாக ஏதும் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கே1000-க்கு மட்டும் கூடுதல் வேலை உண்டு. கடைசியாக வந்ததற்கே வயது முப்பதை நெருங்குகிறது. பின்கதவைச் சுற்றியுள்ள ஃபோம் பிசுபிசுத்து உதிரும், வெளிச்சம் கசியும். ஷட்டர் 1/1000 என்று போட்டாலும் உள்ளே என்ன வேகத்தில் ஓடுகிறதோ. மீட்டருக்குத் தனி சுவிட்ச் இல்லாததால் லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் பேட்டரி தீரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பிலிம்தான் என்று மனசு நின்றால் தடுக்க மாட்டேன், அந்த ஷட்டர் சத்தம் அப்படி. லேபில் ரோலைக் கொடுக்கும்போதே "பிரகாசம், கலர் எதையும் திருத்தாமல் ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள். கேட்கிற லேபும் உண்டு, கேட்காத லேபும் உண்டு. எப்படியானாலும் நெகட்டிவைத் திரும்ப வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடர்த்தியாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது, ஏதும் பதியாததுபோல் மெல்லிசாக இருந்தால் போதவில்லை. லேப் அதை மட்டும் மாற்ற முடியாது.