கவுன்ட்டி சிறைக்கு எழுத: அஞ்சலட்டையா, டேப்லெட் செய்தியா?

அமெரிக்காவில் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிறையில் இருப்பவருக்கு எழுத இன்று பெரும்பாலும் இரண்டு வழிகள்: தபால், இல்லையென்றால் அவர் டேப்லெட்டில் படிக்கும் கட்டணச் செய்தி.

வேகத்துக்கு டேப்லெட்தான். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் காசு, படம் இணைத்தால் பெரும்பாலும் தனிக் காசு.

தபாலில்தான் வம்பு அதிகம். முழுப்பெயர், கைதி எண், அனுப்புநர் முகவரி என ஏதாவது ஒன்று விட்டுப்போனாலும் கடிதம் திரும்பி வரலாம். ஸ்டிக்கர், சென்ட், லிப்ஸ்டிக் தடம் எதுவும் ஆகாது. பிள்ளை கிரேயானில் வரைந்த அப்பா படம்கூடப் பல இடங்களில் உள்ளே போகாது. அரிசோனாவின் மரிகோபா கவுன்ட்டி 2007இல் அஞ்சலட்டை மட்டும்தான் என்றது. அப்புறம் வேறு பல கவுன்ட்டிகளும் அதையே பிடித்துக்கொண்டன. இப்போது சில சிறைகளில் கடிதம் வெளியூரில் ஸ்கேன் ஆகி, திரையில்தான் வருகிறது. அப்படியானால் தபால் தலை எதற்கு, டேப்லெட்டே மேல். காகிதம் கைக்கே போகும் சிறை என்றால் என் ஓட்டு அஞ்சலட்டைக்கு. மடித்து வைத்து, விளக்கு அணையும் முன் மறுபடி எடுத்துப் பார்க்கலாமே!

எதில் எழுதினாலும் ஊழியர்கள் படிக்கலாம். வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.