தனி உரிமமா, பொது அனுமதியா: தபால் நிறுவனங்களுக்கு எது தோது?

கடிதப் பட்டுவாடா செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் உரிமம், அறிக்கை, ஆணையத்தோடு எழுத்துப் போக்குவரத்து எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். விதிகளை எளிமையாக்கப் போகிறோம், எந்த முறை வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டபோது எங்கள் பதிலை எழுதியதும் நான்தான். மூன்று வழிகளை முன்வைத்தார்கள். இப்போதிருக்கும் தனி உரிமத்தையே சுருக்கித் தருவது ஒன்று. உரிமத்தை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே பொது அனுமதி தருவது இன்னொன்று. பெயரைப் பதிவு செய்தாலே போதும் என்று விடுவது மூன்றாவது. நாங்கள் பொது அனுமதியைக் கேட்டோம்.

தனி உரிமத்தில் ஒவ்வொரு நிறுவனமும் விண்ணப்பிக்க வேண்டும். ஆணையம் ஆராய்ந்து, அந்த நிறுவனத்தின் பெயரில் நிபந்தனைகளோடு ஓர் ஆவணம் கொடுக்கும். பொது அனுமதியில் யாரும் தொழில் செய்யலாம் என்று சட்டமே சொல்லிவிடும். நிபந்தனைகள் அனைவருக்கும் பொதுவான ஒரே விதித்தொகுப்பில் இருக்கும். பதிவில் பெயரும் முகவரியும் கொடுத்தால் ஏறக்குறைய வேலை முடிந்தது. தொழிலுக்குள் நுழைய ஆகும் நாள், கட்டணம் இரண்டிலும் தனி உரிமம்தான் கடைசி இடம். அதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

உண்மையில் நுழைவுச் செலவு என் கவலையே இல்லை. அது ஒருமுறை வரும், போகும். உரிமம் கைக்கு வந்த பிறகு அதை வைத்துக் காப்பாற்றும் செலவுதான் என்னைப் பொது அனுமதியின் பக்கம் தள்ளியது.

எங்கள் உரிமத்தின் இணைப்பில் தபால் பிரிக்கும் கூடத்தின் முகவரி எழுதப்பட்டிருந்தது. கூடத்தை இரண்டு தெரு தள்ளி, கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாற்றினோம். அதே ஆட்கள், அதே பைகள், அதே வண்டிகள். ஆனால் முகவரி உரிமத்தின் ஒரு பகுதி. ஆகவே அது ‘உரிமத் திருத்தம்’ ஆகிவிட்டது. விண்ணப்பம், அறிவிப்பு, ஆட்சேபம் கேட்கும் காலம், பிறகு திருத்திய ஆவணம். அது வரும்வரை பழைய கூடத்துக்கும் வாடகை கொடுத்து, அங்கேயும் ஒருவரை உட்கார வைத்திருந்தோம். யாரும் வேண்டுமென்றே செய்த தொல்லை இல்லை. உரிமம் என்ற வடிவமே அப்படி: அதில் எழுதிய ஒவ்வொரு வரியும், மாறும்போது செலவு வைக்கும்.

அடுத்தது காலாண்டு அறிக்கை. நாங்கள் சுமப்பது வங்கி அறிக்கைகளும் கட்டணப் பட்டியல்களும்தான். வெளிநாட்டுத் தபால், பதிவுத் தபால், மதிப்பு அறிவித்த பார்சல் எதுவும் எங்களிடம் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டங்களில் எல்லாம் பூஜ்யம் போட்டு, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பத்தாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் இது ஒருவரின் அரை நாள் வேலை. எங்களைப் போன்ற இடத்தில், அதே ஆள்தான் திரும்பி வந்த தபாலையும் வாடிக்கையாளர் புகாரையும் பார்க்க வேண்டும். பூஜ்யம் நிரப்பிய நேரம் புகாரைக் கவனிக்க வேண்டிய நேரம்.

இவை இரண்டையும் விடப் பெரிய சிக்கல், விதியே மாறும்போது வரும். புகார் வந்தால் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஆணையம் மாற்ற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனி உரிம முறையில் அந்த வரி ஒவ்வொரு நிறுவனத்தின் உரிமத்திலும் தனித்தனியாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும், ஒவ்வொருவரும் ஆட்சேபிக்கலாம். நாளடைவில் முன்னே வந்தவர் ஒரு வாசகத்தோடும் பின்னே வந்தவர் இன்னொரு வாசகத்தோடும் நிற்பார்கள். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தபால் போட்டால், தொலைந்த கடிதத்துக்குப் பெறுநரின் உரிமை எது என்பது, அதை யார் சுமந்தார் என்பதைப் பொறுத்து மாறும். பொது அனுமதியில் விதி இருப்பது ஒரே இடத்தில். அங்கே மாற்றினால் எல்லாருக்கும் மாறியது. நான் படிக்க வேண்டியதும் அது ஒன்றுதான்.

பிரிட்டன் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்த நாடு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் போஸ்ட்காம் என்ற ஆணையத்தை உருவாக்கி, போட்டி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க வைத்தது. 2003-ல், ஒரே இடத்திலிருந்து ஒரே தடவையில் 4,000 கடிதங்களுக்கு மேல் போகும் மொத்தத் தபால் போட்டிக்குத் திறந்தது. 2006 ஜனவரி முதல் தேதி முழுச் சந்தையும் திறந்தது. அப்புறம் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தையே எடுத்துவிட்டது. உரிமமோ தனி அனுமதியோ வாங்காமலேயே யாரும் தபால் சேவை நடத்தலாம் என்று சொல்லிவிட்டு, நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தை மட்டும் ஆஃப்காம் என்ற தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுத்தது. தபாலின் பாதுகாப்பு, புகார் கையாளுதல் போன்றவை இன்று பொது நிபந்தனைகளாகவே அங்கே இருக்கின்றன.

உரிமம் போனால் கடிதத்தின் ரகசியம் போய்விடாதா என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். நியாயமான பயம். ஆனால் ரகசியத்தைக் காப்பது உரிமம் அல்ல. பிரிட்டனில் தபால் நிறுவன ஊழியர் கடிதத்தைக் காரணமின்றித் திறப்பதும் வேண்டுமென்றே தாமதிப்பதும் குற்றம். அந்தப் பிரிவு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. உரிமம் ஒழிந்த பிறகும் நீடிக்கிறது. ஜெர்மனியில் கடித ரகசியம் அரசியல் சட்டத்தின் 10-ஆவது பிரிவிலேயே உண்டு.

சரி, தனி உரிமத்துக்கு நல்ல பக்கமே இல்லையா? இருக்கிறது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்துக்கு முன் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, “உரிம எண் என்ன?” என்பதுதான். யாரோ சரிபார்த்திருக்கிறார்கள் என்ற தைரியம் அந்த எண்ணில் இருந்தது. புதிதாக வருபவருக்கு அதன் மதிப்பு பெரிது. தவிர, உரிமம் என்றாலே சுமை என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்வீடன் 1993-லேயே அஞ்சல் ஏகபோகத்தை முடித்துக்கொண்டது. கடிதம் சுமக்க அங்கே அனுமதி வாங்க வேண்டும், ஆனாலும் மிகச் சிறிய உள்ளூர் நிறுவனங்கள்கூட அதை வாங்கித் தொழில் செய்திருக்கின்றன. நிபந்தனைகளை ஒரே அச்சில் வார்த்து, முகவரி போன்ற விவரங்களை உரிமத்துக்கு வெளியே வைத்தால், தனி உரிமமும் தாங்கக்கூடியதுதான். எங்களுக்கு அப்படி ஓர் உரிமம் வாய்த்திருந்தால் இவ்வளவு அழுத்தமாக எழுதியிருக்க மாட்டேன்.

வெறும் பதிவு முறையில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. நியூசிலாந்து 1998-ல் கடிதச் சந்தையைத் திறந்தபோது, நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டால் போதும் என்றது. ஆனால் எந்த நிறுவனம் சுமந்தது என்று காட்டும் அடையாளக் குறி கடிதத்தின் மேல் இருக்க வேண்டும். தபாலில் போட்டி என்றால் ஒருவர் கடிதம் இன்னொருவர் பெட்டியில் விழுவது அன்றாடம் நடப்பது. அந்தக் குறி இல்லாவிட்டால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது, யாரைக் கேட்பது? பதிவு மட்டும் போதுமா என்றால், போதாது என்பேன். புகாருக்கும் தொலைந்த தபாலுக்கும் பொது நிபந்தனைகள் வேண்டும். ஜெர்மனி 2024-ல் தன் அஞ்சல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது, 1,000 கிராம் வரையிலான கடிதங்களுக்கு இருந்த உரிமத்தை நீக்கி, பார்சல் நிறுவனங்களையும் சேர்த்து ஒரே பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. நாங்களும் அதையொட்டி, பொது அனுமதியோடு யாரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடும் கேட்டோம். உரிம எண் கேட்கும் வாடிக்கையாளருக்கு அதைக் காட்டலாம்.

எதுவுமே வேண்டாம் என்பது நான்காவது வழி. இந்தியாவில் 1898-ஆம் ஆண்டுச் சட்டம் கடிதம் சுமக்கும் தனியுரிமையை அரசுக்குக் கொடுத்திருந்தது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தில் அந்தத் தனியுரிமை இல்லை. தனியார் கூரியர்களிடம் அந்தச் சட்டம் உரிமமும் கேட்கவில்லை, பதிவும் கேட்கவில்லை. தொழில் நடத்துபவருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கடிதத்தைத் தொலைத்துக்கொண்டவர் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு இது உவப்பாக இல்லை.

எல்லா ஊருக்கும் ஒரே விலையில் தபால் போக வேண்டும் என்ற கடமையைப் பற்றி நான் உரக்கப் பேச முடியாது. நாங்கள் நகரத்து மொத்தத் தபாலோடு நின்றவர்கள். மலையிலும் தீவிலும் கடிதம் கொடுக்கும் கஷ்டத்தை நான் பட்டதில்லை. ஆகவே அந்தக் கடமையை ஏற்கும் நிறுவனத்துக்கு மட்டும் தனி நிபந்தனைகள் இருக்கட்டும் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பிரிட்டனில், முன்பு அரசின் கையிலிருந்த தபால் நிறுவனமான ராயல் மெயிலுக்கு அப்படித்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தில் தனி உரிமத்தை ஆதரிக்கும் நண்பர்களோடு பாதி ஒத்துப்போகிறேன். நிறுவனம் திடீரென மூடினால் கூடத்தில் கிடக்கும் தபால் என்ன ஆகும்? 2015-ல் ராயல் மெயிலின் போட்டியாளரான விஸ்ல் நிறுவனம் பிரிட்டனில் வீடு வீடாகக் கடிதம் கொடுப்பதை நிறுத்தியபோது, எல்லா வாசலுக்கும் போகும் ராயல் மெயில் அங்கே இருந்தது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், நுழையும்போதே பணபலத்தைச் சோதிக்கும் உரிமம் கூடுதல் காப்பு தரலாம். எங்கள் பதிலின் கடைசிப் பத்தியில் இதற்கென்றே ஒரு பொது நிபந்தனை கேட்டோம்: சேவையை நிறுத்தும் நிறுவனம் தன் கையிலிருக்கும் ஒவ்வொரு கடிதத்தையும் பட்டியலிட்டு, அதைச் சேர்க்கக்கூடிய இன்னொரு நிறுவனத்திடம் தன் செலவிலேயே ஒப்படைக்க வேண்டும், அந்தச் செலவுக்கான வைப்புத்தொகையைத் தொழில் தொடங்கும் நாளிலேயே கட்டியிருக்க வேண்டும்.