எடையைத் தாங்கியது, ஆட்டத்தைத் தாங்கவில்லை

மிதிவண்டியை உயர்த்திப் பிடித்துக் கழுவுவதற்கென வாங்கிய அலுமினியத் தாங்கியின் பெட்டியில் ‘30 கிலோ வரை சோதிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி, 14 கிலோ எடையுள்ள என் வண்டியை அதில் மாட்டினேன். அசையாமல்தான் நின்றது. ஆனால் சங்கிலியைத் தேய்க்கப் பெடலைச் சுழற்றும்போதெல்லாம் அதன் கை மேலும் கீழும் ஆடியது. ஐந்தாம் மாதம், பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. தூணிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கும் அந்த எடை, இணைப்பில் ஏறத்தாழ 55 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறனை (எடையும் தூரமும் சேர்ந்து இணைப்பை வளைக்கும் விளைவை) உண்டாக்குகிறது. எஃகுக்கு இருப்பதைப் போன்ற சோர்வு வரம்பு (அதற்குக் கீழான சுமை எத்தனை முறை விழுந்தாலும் விரிசல் விடாது என்ற எல்லை) அலுமினியத்துக்கு இல்லாததால், சிறு சுமையும் மாறிமாறிப் பலமுறை விழுந்தால் விரிசல் விடக்கூடும். சுமையை ஒருமுறை ஏற்றி இறக்கும் சோதனை இதைக் காட்டாது. உடன் வந்த தூரிகைகளும் அழுக்குநீர்த் தட்டும் நன்றாகவே உள்ளன. தாங்கியை எஃகில் செய்திருந்தால், இரண்டு கிலோ கூடினாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.