ஃபைப்ரோஸ்கேனா, 2டி ஷியர் வேவா: புதியவருக்கு முதலில் எது?

கல்லீரல் இறுக்கத்தை அளக்க ஆள் பழக்கும்போது முதலில் வரும் கேள்வி இது. என் கட்சியை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: ஸ்கேன் புரோபையே (உடம்பில் வைத்து ஸ்கேன் எடுக்கும் கைக்கருவி) தொட்டிராத நர்சுக்கு ஃபைப்ரோஸ்கேன், ரேடியாலஜி மாணவருக்கு 2டி ஷியர் வேவ், அதாவது ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே இறுக்கத்தை அளக்கும் முறை.

ஃபைப்ரோஸ்கேனில் வழக்கமான ஸ்கேன் படம் தெரியாது. மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, விலா இடுக்கில் ஜெல் தடவி, புரோபைத் தோலுக்குச் செங்குத்தாக வைத்து பட்டனை அழுத்தினால் 50 ஹெர்ட்ஸில் ஒரு சின்னத் தட்டு; அந்த அதிர்வு உள்ளே ஓடும் வேகத்திலிருந்து கிலோபாஸ்கலில் இறுக்கத்தின் எண் வரும். செல்லுபடியாகும் 10 அளவுகள் சேர்ந்தால் முடிந்தது. கை சீக்கிரமே பழகிவிடும். கை மட்டும்தான்! ஐக்யூஆர் (அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற கணக்கு) மீடியனில், அதாவது நடு அளவில், 30 சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்று புதியவர் எழுதிவிடுவார். ஆனால் சாப்பிட்டுவிட்டு நேராக வந்து படுத்தவருக்குப் பத்துமே ஒன்றுபோல் கூடுதலாக வரலாம், ஐக்யூஆர் அதைக் காட்டிக்கொடுக்காது. அதனால் குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறா என்று கேட்ட பிறகுதான் ஜெல் பாட்டிலை எடுக்கவே விடுவேன். அப்புறம், திரையில் எண் வரும் இடத்தை ஒரு துண்டுச் சீட்டால் மறைத்துவிட்டு, எலாஸ்டோகிராமில் (அதிர்வு உள்ளே ஓடுவதைக் காட்டும் படம்) கோடு நேராகச் சரிகிறதா, உடைகிறதா என்று மட்டும் சொல்லச் சொல்வேன். முதல் வாரம் திட்டுவார்கள்.

2டி-யில் கல்லீரலும் ரத்தக்குழாயும் கண்முன்னே தெரிவதால் தப்பை அங்கேயே விரல் வைத்துக் காட்டலாம். கல்லீரல் உறையை ஒட்டிப் பெட்டியை (படத்தில் அளக்கும் இடத்தைக் குறிக்கும் கட்டம்) வைத்தால் எண் ஏறிவிடும், 1 முதல் 2 சென்டிமீட்டராவது கீழே இறக்க வேண்டும். மூச்சும் அப்படித்தான், "நல்லா இழுத்துப் பிடிங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடுவார்கள், இங்கே சாதாரண மூச்சின் நடுவில் சும்மா நிறுத்தினால் போதும். தரமான 5 அளவுகள் போதும் என்றாலும், அந்த ஐந்தை எடுக்கச் சாதா ஸ்கேனில் கை தேறியிருக்க வேண்டும்.

படத்தில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் அளக்கும் பாயின்ட் ஷியர் வேவுக்குத் தனிப் பாடம் வேண்டாம், 2டி தெரிந்தவர் பிடித்துக்கொள்வார்.

வயிற்றில் நீர் கோத்திருந்தால் ஃபைப்ரோஸ்கேன் ஓடாது, தட்டும் அதிர்வு நீரைத் தாண்டாது. பருமனானவருக்கு இன்னும் ஆழத்தில் அளக்கும் எக்ஸ்எல் புரோப். இரண்டு மெஷினின் எண்ணையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது என்பதால், மெஷின் பெயரும் புரோபும் எழுதாத ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.